ஈரப் பற்றரிக்கு ஏழு ரூபாய் கூட

ஒருகொடவத்தைச் சந்தியில்
லொறி திரும்பும்போதே தெரிந்துவிடும்
காய்ந்த சரக்கா ஈரச் சரக்கா என்று.
காய்ந்தது துள்ளும்.
அமிலத்தோடு வரும் லொறி
பிள்ளைத்தாய்ச்சி போல
பள்ளம் பார்த்துப் பார்த்து வரும்.

எடைமேடைக் கண்ணாடிக் கூட்டுக்குள்
எனக்குப் பதினோரு வருஷம்.
பெயர் திலகேஸ்வரி.
பில்லில் அது ஒரு கோடு, ஒரு சுழி, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் எல்லாமே துள்ளித்தான் வந்தன.
பஞ்சிகாவத்தைக் கடைகளின் பின்புறத்தில்
பற்றரியைக் கவிழ்த்து
கானுக்குள் வடியவிட்டு
பாரம் குறைத்து ஏற்றுவார்கள்.
கான் எதையும் திருப்பிக் கேட்பதில்லை.
ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில்
என் தம்பி தூண்டில் போடுவான்.
நாங்கள் பொரித்துத் தின்றோம்.

"ஈயத்துக்குக் காசு, பெட்டிக்குக் காசு,
இந்தப் புளிச்ச தண்ணிக்கு
யார் மகள் காசு தருவாங்க?"
ஜௌபர் நானா கேட்டார்.
என்னிடம் பதில் இல்லை.

டொலர் இல்லாத அந்த வருஷம்
பதில் வந்தது.
பெற்றோல் வரிசை ஆமர் வீதியைச் சுற்றி
தன் வாலைத் தானே கடித்தது.
ஈயக்கட்டி ஏற்றி வந்த கப்பல்
துறைமுகத்துக்கு வெளியே ஒன்பது நாள் நின்று,
காசு வராது என்று தெரிந்து,
நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மனேஜர் விமலசூரிய முற்றத்துக்கு வந்தார்.
செத்துக் குவிந்து கிடந்த பற்றரிகளை
ஒவ்வொன்றாக
அன்று முழுக்க எண்ணினார்,
சேமக்காலையில் சொத்துக் கண்டவர் போல.

கல்லில் இருந்து ஈயம் எடுக்க
எங்கோ ஒரு மலையை உடைக்க வேண்டும்.
இங்கே தகட்டை உடைத்தால் போதும்.
உலைக்கு எண்ணெயும் பாதிக்குக் கீழே.
கணக்குப்பிள்ளை மூன்று தரம் கூட்டிப் பார்த்தார்,
விடை மாறவில்லை.
பெட்டியை அரைத்தால் புதுப் பெட்டி.
இரும்பு துருப்பிடிக்கும், பிளாஸ்ரிக் தளரும்.
ஈயத்துக்கு மட்டும் கிழடு தட்டாது.
எத்தனையாவது தரம் உருகினாலும்
நேற்றுப் பிறந்தது போல
வெட்கமில்லாமல் மினுங்கும்.

பிறகு புளிச்ச தண்ணியின் முறை.
சோடா போட்டு அடக்கி, உப்பாக்கி
சவர்க்காரத்தூள்க் கொம்பனிக்கு விற்கலாமாம்.
ஈரச் சரக்குக்குக் கிலோவுக்கு ஏழு ரூபாய் கூட.
போர்ட் எழுதச் சொன்னார்கள், மூன்று மொழியிலும்.
நான் எழுதினேன்.
இந்த நகரத்தில்
தமிழில் எழுத்துப்பிழை இல்லாத ஒரே போர்ட்
அதுவாகத்தான் இருக்கும்.

அந்த மாதமே லொறிகள்
மெதுவாக வரப் பழகின.
ஜௌபர் நானா ஒவ்வொரு பற்றரிக்கும்
மூடி சரிபார்த்து,
ஈரச் சாக்கில் நிமிர்த்தி வைத்து,
"கல்யாணச் சாப்பாடு கொண்டுவாற மாதிரி இருக்கு மகள்" என்றார்.

கொம்பனியின் ஆண்டறிக்கை அட்டையில்
ஒரு பச்சை இலை.
ஈயம் பூசினது போலவும் பூசாதது போலவும்
உள்ளே வசனங்கள்.
அதில் கான் இல்லை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
ஊசி குத்தி எடுக்கும் ரத்தமும் இல்லை.
உலையடி ரெமீஜியஸின் எண் போன தடவை ஏறிவிட்டது.
அவனைப் பொதிகட்டும் பக்கம் மாற்றினார்கள்.
வேலை முடிந்ததும் இரண்டு தரம் குளிக்கிறான்.
சின்னவளைத் தூக்க முன்
வீட்டில் மூன்றாம் தரம்.

இன்று பின்னேரம்
சந்தியில் ஒரு லொறி துள்ளியது.
எங்கள் கேற் பக்கம் திரும்பவில்லை.
வெல்லம்பிட்டிக்குப் போகிற பாதையில்
யாரோ வளவுக்குள் அடுப்பு மூட்டி
இராத்திரியில் உருக்குகிறார்களாம்.
பில் இல்லை, ஊசி இல்லை,
கிலோவுக்குப் பன்னிரண்டு கூட.

கண்ணாடிக்குள் இருந்தபடி
அது ஏறி இறங்கும் பள்ளங்களை எண்ணினேன்.
நாலு.
ஐந்தாவது தெரியவில்லை,
பஸ் ஒன்று மறைத்துவிட்டது.